அஷ்டமியில ஆத்துல எறங்குன ஜோசியர்

கண்ண மூடிக்கோ, காத மட்டும் தொறந்து வை. நடுவுல நடுவுல "ம்" கொட்டணும், சரியா?

அலைச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்குற ஒரு ஊர்ல ஒரு ஜோசியர் இருந்தாரு. பேரு அய்யாக்கண்ணு. மொத்தமே பன்னெண்டு வீடு. புது வலை இறக்கணுமா, புள்ளைக்குக் காது குத்தணுமா, எல்லாரும் அவரத்தான் கேப்பாங்க. அவரு பஞ்சாங்கத்தப் பொரட்டி, "வளர்பிறையா, செய். தேய்பிறையா, பொறு. அஷ்டமியா, வாசப்படியே தாண்டாத"ன்னுடுவாரு. முப்பது வருஷமா அதே பேச்சு.

அப்புறம் ஒரு அமாவாசைக்குக் கடல் பொங்கிச்சு. தடால், தடால்னு ரெண்டு தென்னமரம் சாஞ்சிருச்சு. "கடல்னா அப்படித்தான்"னு இருந்துட்டாங்க. அடுத்து பௌர்ணமி. அன்னைக்கு ஜோசியர் வீட்டு அடுப்படிச் சுவரே போச்சு. ம்?

அப்போ சனங்க எல்லாம், "ஆத்துக்கு அந்தப் பக்கம் மணல்மேட்டுக்குப் போயிடலாமா?"ன்னு கேட்டாங்க. ஜோசியர், "தேய்பிறை பொறந்தாச்சு. வளர்பிறை வரட்டும்"னாரு.

அவரு பெண்டாட்டி தனபாக்கியம் மீன்காரர் மக. "என்னங்க, வளர்பிறைக்கு முன்னாடி அமாவாசை வருதே! அது இந்த வீடுங்கள விட்டு வைக்குமா? அரை நிலா அன்னைக்குத்தான் கடல் அடங்கிக் கெடக்கும், ஆத்துல இழுப்பு இருக்காது. அன்னைக்கே கடந்துடணும்"னா.

அவரு கணக்குப் போட்டுப் பாத்தாரு. அரை நிலா அன்னைக்கு அஷ்டமி!

அவருக்குச் சோறு எறங்கல. "நான் சொன்னத நானே எப்படி மாத்துவேன்?"

"நீங்க பாக்குற நிலாவே நேத்து மாதிரி இன்னைக்கு இல்ல. நீங்க மாறுனா என்னவாம்?"

அப்புறம் ஊரக் கூட்டி, "அஷ்டமியில கெளம்புவோம்"னாரு. காசாம்புன்னு ஒரு அம்மா, விருட்டுனு எந்திரிச்சா. "அஷ்டமின்னு என் மக கல்யாணத்தத் தள்ளி வச்சீங்க. அந்தச் சம்பந்தமே கைவிட்டுப் போச்சு. இப்போ உங்க வீடுன்னதும் அஷ்டமி நல்ல நாளாயிடுச்சா?"

ஜோசியர் தல குனிஞ்சாரு. "தப்புத்தான் தாயி. மன்னிச்சுக்க."

அஷ்டமி வந்துச்சு. அவரு தலையில மூட்டைய வச்சுக்கிட்டு, மொத ஆளா ஆத்துல எறங்கினாரு. முழங்கால், தொடை, இடுப்பு. நடு ஆத்துல நின்னு கைய நீட்டினாரு. சளப்பு சளப்புனு ஒவ்வொருத்தரா அந்தக் கையப் புடிச்சுக் கடந்தாங்க. காசாம்பு மட்டும் ரொம்ப நேரம் கரையிலயே நின்னா. கடைசில அவளும் புடிச்சா. ம்... தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் அமாவாசை. விடியறதுக்கு முன்னாடியே திடும் திடும்னு கடல் வந்துச்சு. விடிஞ்சு மேட்டுலேருந்து பாத்தா, பன்னெண்டு வீடும் இல்ல. ஆளுங்க மட்டும் ஒருத்தர் கொறையல. அப்பா கட்டுன வீடாச்சேன்னு ஜோசியர் மணல்ல உக்காந்து விம்மி விம்மி அழுதாரு.

அப்போ பின்னால, மேட்டுல புதுசாப் போட்ட ஓலைக் குடிசையில, "குவா... குவா..."ன்னு ஒரு சத்தம். காசாம்பு மருமக புள்ள பெத்திருந்தா. காசாம்பு குழந்தையத் தூக்கிட்டு ஓடியாந்தா. "ஜோசியரே, பேத்தி அமாவாசையில பொறந்துட்டாளே, நல்லதா கெட்டதா? சொல்லுங்க!"

அவரு பஞ்சாங்கத்தத் தேடல. ஈரக் கையத் தொடச்சுக்கிட்டுக் குழந்தைய வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு.

"நாளையிலேருந்து நிலா வளரும் தாயி. இவளும் கூடவே வளருவா."

அவ்வளவுதான், கதை கரை ஏறிடுச்சு. நீயும் தூங்கு, கண்ணு.