பேரி காய்க்காத முற்றம்

மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடிக்காத ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் பனிவரை என்றொரு நாடு. அதில் மரம் வெட்டிப் பிழைக்கிறவர்களின் ஊர் ஒன்று. அந்த ஊரில், ஒரு சின்ன முற்றத்தில், ஒரு நாள் காலை கூடியிருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருதி. அவளுடைய சின்ன மகள் சிட்டு. மாமியார் பேச்சாயி. பக்கத்து வீட்டு நீலாயி. நீலாயியின் கணவன் செம்பன். ஊர்த்தலைவர் அம்பலத்தார். காட்டைக் காக்கும் மாயக்காரி வனமாயி. ஆக ஏழு பேர். நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு கருங்கல் கிடந்தது. அதையும் ஆளாகத்தான் எண்ண வேண்டும். முந்தின நாள் மாலை வரைக்கும் அது மருதியின் கணவன் கொற்றன். ஆக எட்டு.

கொற்றன் கெட்டவன் அல்ல. ஒரு நாளைக்கு ஓர் ஆள் ஒரு மரம்தான் சாய்க்கலாம் என்பது வனமாயி வைத்த கட்டளை. மழை வருவதற்குள் கூரையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவன் இரண்டு சாய்த்துவிட்டான். இரண்டாவது மரம் தரையில் விழுந்தபோது அவன் கல்லாகிவிட்டான். வனமாயியே அதைத் தூக்கிவந்து அவன் வீட்டு முற்றத்தில் கிடத்தினாள்.

அவள் கையில் இரண்டு கன்றுகள் இருந்தன. ஒன்று செண்பகம், ஒன்று பேரி, அதாவது பேரிக்காய்க் கன்று.

"இரண்டு சாய்த்தான். நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்கிறேன்" என்றாள் வனமாயி. "செண்பகம் வைத்தால், அதன் பூ தானாக உதிர்ந்து இந்தக் கல்மேல் விழும் அன்று இவன் எழுந்திருப்பான். பேரி வைத்தால், அதன் காய் தானாக விழும் அன்று. எது வேண்டும் என்று நீயே சொல், மருதி."

இரண்டையும் வாங்கி நட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்த முற்றத்தில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துக்குத்தான் இடம். இடம் இருந்தாலும் நட்டிருக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மரம் என்பது பனிவரை நாட்டு வழக்கம். இரண்டு மரம் நின்றால் அந்த வீடு இரண்டாகும் என்று அவர்களுக்குப் பயம்.

நீலாயி செண்பகம்தான் என்றாள். வருஷம் முழுக்க இலை இருக்கும், நிழல் இருக்கும், தெரு முழுக்க மணக்கும். பேரிப்பூ பார்க்கத்தான் வெள்ளை, கிட்டப் போனால் கருவாட்டு வாடை என்று மூக்கைப் பிடித்துக் காட்டினாள். செம்பன் பேரி என்றான். அடக்கமான மரம், வெயில் காலத்தில் நிழல், பனிக்காலத்தில் இலையை உதிர்த்து முற்றத்துக்கு வெயிலை விடும், காயும் கொடுக்கும் என்றான். நீ எந்த வீட்டில் பேரி காய்த்துப் பார்த்தாய் என்று நீலாயி கேட்டாள். காட்டில் காய்க்கும் பேரி, ஊரில் வைத்தால் ஏனோ காய்ப்பதில்லை.

பேச்சாயி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூ சீக்கிரம் வரும்டி. காய் வர எத்தனை வருஷமோ. எனக்கு வயசாகுது. செண்பகத்தை வாங்கு."

மருதி கன்றுகளைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள். செண்பகம் எவ்வளவு உயரம் போகும் என்று செம்பனைக் கேட்டாள். ஐந்து ஆள் உயரம் போகும் என்றான் அவன். காற்றில் எப்படி என்று கேட்டாள். கிளை பெருத்தால் முறியும் என்றான்.

"முறிஞ்சு இவர் மேல விழுந்தா?" என்றாள் மருதி. "கல்லு ரெண்டானா, அப்புறம் எந்தப் பூ விழுந்து என்ன? பேரியைக் குடுங்க, தாயே."

மிஞ்சின செண்பகக் கன்றை நீலாயி வாங்கிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், தன் முற்றத்தில் நட்டாள்.

செண்பகம் வளர்ந்தது, பேரியும் வளர்ந்தது. செண்பகம் சீக்கிரமே சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பூத்தபோது அரண்மனைப் பல்லக்கே தெருவில் நின்றுபோயிற்று. ராணியின் கொண்டைக்கு நீலாயி வீட்டுப் பூ போகத் தொடங்கியது. ஒரு நாள் காற்றில் ஒரு செண்பகப்பூ சுவர் தாண்டி வந்து கல்லின் நெஞ்சில் விழுந்தது. பேச்சாயி ஓடிவந்து அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கல் கல்லாகவே கிடந்தது. அது மருதி வளர்த்த மரத்துப் பூ அல்லவே. அன்றிலிருந்து பேச்சாயி மருமகளோடு பேசுவதை விட்டாள்.

பேரியும் பூத்தது. கொம்பெல்லாம் வெள்ளை. ஆனால் பூ உதிர்ந்தது, பிஞ்சு பிடிக்கவில்லை. மருதி கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "இந்த வருஷம் இல்லை. இருங்க."

அடுத்த வருஷமும் பூத்தது. பிஞ்சு பிடிக்கவில்லை. "இந்த வருஷம் இல்லை. இருங்க."

மூன்றாம் வருஷமும் பூத்தது. கிணற்றடியில் நீலாயி எல்லோர் முன்னாலும், மருதி வீட்டு மரத்துக்கும் அவள் புருஷனைப் போலவே மனசு கல்லாகிப் போச்சு என்று சொல்லிச் சிரித்தாள். மருதி குடத்தை அங்கேயே வைத்துவிட்டுக் காட்டுக்கு நடந்தாள். மரத்தை மாற்றித் தரும்படி வனமாயியிடம் அழுதாள்.

"வேர் பிடித்ததை மாற்ற முடியாது" என்றாள் வனமாயி. "பூவுக்கு யார் வருகிறார்களோ அவர்களைக் கேள்." ஒரு சொட்டு மலைத்தேனை மருதியின் காதில் தடவி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தாள். மரத்தில் கடைசிப் பூக்கள் இருந்தன. ஒரு தேனீ பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. அது முணுமுணுப்பது இப்போது மருதிக்குப் புரிந்தது.

"தேனீயே, என் மரம் ஏன் காய்க்கவில்லை?"

"இந்தப் பூந்தூளையே எடுத்து இந்தப் பூவிலேயே வைக்கிறேன். இது ஏற்காது, அம்மா. பேரிக்கு இன்னொரு பேரியின் தூள் வேண்டும். காட்டில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும். உன் ஊரில் நான் பறந்து போகும் தூரத்தில் இன்னொரு பேரி இல்லை. செண்பகத்தின் தூள் செண்பகத்துக்கு மட்டும்தான்."

மருதி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லா வீட்டிலும் ஒரு மரம் நின்றது. அதை வெட்டச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டாவதாக ஒன்று வைக்கச் சொன்னால் கதவைச் சாத்தினார்கள். கடைசியாக நீலாயியிடம் போனாள். அவள் முற்றத்தில் இன்னொரு மரத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. அம்பலத்தாரும் அங்கே இருந்தார். உன் வீடுதான் இப்படி ஆகிவிட்டது, அடுத்த வீட்டையும் இரண்டாக்கப் பார்க்கிறாயா என்று அவர் கேட்டார். நீலாயி உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசியில் பெருங்காற்று அடித்தது. செண்பகத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து, சுவரை இடித்துக்கொண்டு மருதியின் முற்றத்தில் வந்து விழுந்தது. கல்லின் தலைமாட்டுக்கும் கிளைக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

பேச்சாயி வந்து நின்றாள். கிளையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அந்தப் பக்கத்து மரமே இப்படியென்றால், இந்த முற்றத்திலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பேரியின் அடியில் ஊற்றினாள். அதன்பிறகு தினமும் ஊற்றினாள்.

இடிந்த சுவரின் அந்தப் பக்கம் நீலாயி நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"மருதி, என் வீட்டுல இன்னொரு மரம் வைக்கிறேன். பேரியே வைக்கிறேன்."

"வீடு ரெண்டாகும்பாங்களே, அக்கா."

"ஆகட்டும். அந்த மனுஷன் கூட நான் தினமும் போடுற சண்டையைவிடவா?"

செம்பன் கிளையை இழுத்துக்கொண்டே, இரண்டானால் எனக்கு எந்தப் பக்கம் என்று கேட்டான். அத்தனை வருஷத்தில் மருதி அன்றுதான் சிரித்தாள்.

கன்று வைத்து வளரும்வரை காத்திருக்க முடியாதே. மருதி மறுபடி காட்டுக்குப் போய், வளர்ந்த பேரி ஒன்று கேட்டாள்.

"யாருக்கு?" என்று வனமாயி கேட்டாள்.

"நீலாயி அக்கா வீட்டுக்கு, தாயே."

"அவள் கேட்டாளா?"

"அவங்களாத்தான் சொன்னாங்க."

வனமாயி பூக்கும் வயது வந்த ஒரு பேரியை வேர் மண்ணோடு தூக்கி, இறகைப்போலக் கனமில்லாமல் செய்து, மருதியின் தோளில் வைத்தாள். கார்த்திகையில் அது நீலாயியின் முற்றத்தில் நின்றது. அம்பலத்தார் ஒரு வாரம் தெருவின் மறுபக்கமாகவே நடந்தார்.

தை மாதப் பனியில் பேச்சாயி படுத்தாள். மருதி இரவும் பகலும் பக்கத்தில் இருந்தாள். கடைசியில் பேச்சாயி சொன்னாள்: "அவன் எழுந்து வந்தா முதல்ல சோறு போடு. நான் போயிட்டதை அவன் சாப்பிட்டு முடிச்சதும் சொல்லு." பொழுது விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

மாசியில் இரண்டு பேரிகளும் ஒரே நாளில் பூத்தன. தேனீ இடிந்த சுவரின் மேலாக அங்கும் இங்கும் பறந்தது. இந்தத் தடவை பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு நின்றது. மருதி தன் மரத்தில் எண்ணினாள். எட்டு. ஒன்றையும் அவள் தொடவில்லை. அணில் வராமல் சிட்டு பகலெல்லாம் காவல் இருந்தாள்.

ஆவணியில் ஒரு காலை, கல்லுக்கு நேர் மேலே தொங்கிய காய் காம்பு விட்டது. டொக் என்று விழுந்தது. கல் வெதுவெதுப்பானது. பிறகு மூச்சு விட்டது. கொற்றன் எழுந்து உட்கார்ந்தான். அந்தக் காய் அவன் மடியில் கிடந்தது. பக்கத்தில் நின்ற வளர்ந்த பெண்ணைப் பார்த்து, யார் இது என்று கேட்டான். "சிட்டு" என்றாள் மருதி. அவன் அவளை மடியில் உட்கார்த்திக்கொண்டான்.

மருதி முதலில் சோறு போட்டாள். அவன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதற்குள் ஊர் கூடிவிட்டது. வனமாயியும் வந்தாள். அம்பலத்தாரும் வந்து, தன் வீட்டில் இரண்டாவதாக ஒரு பேரி வைக்க எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்று செம்பனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

மற்ற ஏழு காய்களையும் கொற்றனே பறித்தான். மடியில் விழுந்த காயையும் சேர்த்துக் கூடையில் போட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தான். விழுந்த காய் வனமாயிக்கு. நீலாயிக்கு ஒன்று, செம்பனுக்கு ஒன்று, அம்பலத்தாருக்கு ஒன்று, சிட்டுக்கு ஒன்று, மருதிக்கு ஒன்று. தனக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தான்.

"அம்மா எங்கே?" என்றான்.

மருதி அவன் பக்கத்தில் போய் நின்று சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் காயைக் கடிக்கவில்லை.

கூடையில் மீதி ஒன்று.