கடலைப் படகில் இறக்கியவள்

தீவுக் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போக, இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய பழைய பாய்ப்படகு ஒன்றை வியாகுலம் தேடினாள். கையிலோ கொஞ்சக் காசு. படகு விற்கும் முதலாளி கஸ்பார் புதுப் பெயின்ட் மின்னிய படகைக் காட்டினார்.

"சொட்டு ஒழுகாது. வாங்காமக் கடலில் இறக்க விடமாட்டேன். குறை கண்டுபிடிச்சா அந்தப் பழசை இனாமா எடுத்துக்கோ" என்று, மூலையில் நிறம்போய்க் கிடந்த படகைக் காட்டிக் கரையே கேட்கச் சொன்னார்.

வியாகுலம் சிலுவை போட்டுக்கொண்டாள். பிள்ளைகளோடு குடம் குடமாகக் கடல்நீரை மொண்டுவந்து மின்னும் படகுக்குள் ஊற்றினாள். அடியில் கசிந்து மணல் நனைந்தது.

"ஏய், இறக்காதேன்னேனே?"

"படகைக் கடலில் இறக்கலையே முதலாளி. கடலைத்தான் படகில் இறக்கினேன்."

கரையே சிரித்தது. பழசிலும் ஊற்றினாள், சொட்டுக்கூடக் கசியவில்லை.

திருவிழாவன்று பிள்ளைகள் கூச்சலிட, அந்தப் பழசுதான் முதலில் தீவைத் தொட்டது.