இசக்கியம்மாளின் வலது தொடை

நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தபோது தேவசகாயத்துக்குக் கோபம் ஏறியிருந்தது.

"மேடம், இது எலும்புப் புற்று. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

டாக்டர் ரஹ்மத் நிஷா அவருக்கு ஆசிரியை. வயதில் இளையவர். தேவசகாயம் கிராமத்து சுகாதார நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு நோயியல் மேற்படிப்புக்கு வந்தவர்.

கண்ணாடித் தகட்டில் இருந்தது இசக்கியம்மாள் என்ற கபடிக்காரப் பெண்ணின் தொடைச் சதை. வலது தொடையில், எலும்பை ஒட்டி ஒரு கட்டி. அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அறுவைப் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். புற்று என்று எழுதிக் கொடுத்தால் காலை எடுத்துவிடுவதாக ஏற்பாடு.

நிஷா கையெழுத்துப் போடவில்லை.

"அந்தப் பொண்ணைப் பார்த்தீங்களா சார்?"

"எதுக்கு? செல் கண்டபடி பெருகியிருக்கு. ஒழுங்கே இல்ல."

"அடிபட்ட இடத்துலயும் செல் பெருகும்ல?"

"அது இரண்டாம் வருஷப் பிள்ளைங்களுக்கு நடத்துற பாடம். வீக்கம், புண் ஆறுறது, தழும்பு. என்னைத்தான் போய் நடத்தச் சொல்றீங்க. நடத்துறேன். அந்தப் பொதுப் பாடத்துக்கும் இந்தத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம்? நோய் இதோ, என் கண்ணு முன்னாடி இருக்கு."

நிஷா தகட்டை எடுத்துத் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"வார்டுக்குப் போய் அந்தத் தொடையைத் தொட்டுப் பார்த்துட்டு வாங்க."

"நாள் கடத்தினதால ஒரு பையன் என் கண் முன்னாடி செத்தான் மேடம். அதே எலும்புப் புற்று. இந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். போயிட்டு வாங்க."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

இசக்கியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் தாய்.

"அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல சார்."

முந்தி யார் யாரோ கேட்டபோதும் அதையேதான் சொல்லியிருந்தாள். தேவசகாயம் தொடையில் கை வைத்தார். கட்டியின் நடு மெத்தென்று இருந்தது. ஓரம் கல்லாக இருந்தது. புற்று என்றால் நடு இறுகி, ஓரம்தானே மெத்தென்று இருக்கும்? குனிந்து பார்த்தார். முட்டிக்கு மேலே தோலில் மஞ்சள் பூத்துக் கிடந்தது, கன்றிப்போய் ஆறிய இடம்போல.

தாயைச் சுடுதண்ணீர் வாங்கி வர அனுப்பினார்.

"இந்தக் காலை எடுக்கப் போறாங்கம்மா. இப்பவாவது உள்ளதைச் சொல்லு."

அவள் வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"காலை எடுக்கவா? என்கிட்ட யாரும் சொல்லலையே. எங்கம்மைக்குத் தெரியும், அப்படித்தான?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போன மாசம் ஆட்டத்துல ஒருத்தி முட்டி தொடையில பாஞ்சுது. சொன்னா ஆட விடமாட்டாவ. டீமுக்கு ஆள் எடுக்கிற நேரம் சார். அதான் மறைச்சேன். ஏன் சார், என் காலைப் பத்தி எல்லாரும் பேசிட்டு, என்கிட்ட சொல்லவே மாட்டியளா?"

அவர் நிஷாவிடம் போய் அடிபட்டதைச் சொன்னார்.

அன்றே மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டியைச் சுற்றி முட்டை ஓடு போல மெல்லிய வெள்ளை விளிம்பு தெரிந்தது. அறுவைப் பிரிவுத் தலைவர் தாமதம் ஆவதாகப் போனில் சத்தம் போட்டார். நிஷாவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஓரத்திலிருந்து இன்னொரு துண்டு வந்தது. அதில் ஒழுங்காக முற்றிய எலும்பு இருந்தது. அடிபட்ட தசை ஆறும்போது ஓரத்திலிருந்து எலும்பாக இறுகியிருக்கிறது, நடுவில் செல் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அறிக்கையைத் தேவசகாயமே எழுதினார். நிஷா கையெழுத்துப் போட்டார். கட்டி அப்படியே விடப்பட்டு, சில மாதங்களில் தானாகச் சுருங்கியது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேவசகாயத்துக்குக் கோபம் மட்டும் தணியவில்லை. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் முதல் தகட்டைக் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தார். பார்த்துவிட்டு நேராக நிஷாவின் அறைக்குப் போனார்.

"இப்பப் பார்த்தாலும் எனக்குப் புற்றாத்தான் தெரியுது மேடம்."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"அப்போ தகடு பொய் சொல்லுச்சா?"

"இல்ல."

"பின்ன நான் பார்த்தது என்ன?" அவர் குரல் உயர்ந்தது. "ஒரு பொண்ணோட காலை எடுக்கச் சொல்ல இருந்தேன். நான் பார்த்தது என்னன்னாவது சொல்லுங்க."

நிஷா பேனாவை மூடி வைத்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் அவர் முகத்தில் தெரிந்தது.

"வீடு இடிக்கிற இடத்துல புழுதி பறக்கும் சார். கட்டுற இடத்துலயும் பறக்கும். நீங்க புழுதியை மட்டும் பார்த்துட்டு வந்து, வீடு போச்சுன்னு சொன்னீங்க."