தட்டில் அதிர்ந்த போன்

வேலையில் இருக்கும் இன்ஜினீயர்களுக்கும் மேனேஜர்களுக்கும் தொழில்நுட்ப மேலாண்மையில் மூன்று நாள் பயிற்சி. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் ஏசி அறையில் நடந்தது. பாடம் எடுத்தவர் ஆக்னஸ் மேடம்.

முதல் நாள் காலை வாசலோரம் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்து, போன்களை அதில் போட்டுவிட்டு வந்து உட்காரச் சொன்னார்.

"அவசரம் வரும்னு நினைக்கிறவங்க கையிலயே வச்சுக்கலாம்."

யாரும் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் தான் இல்லையென்றால் பிளான்ட் ஓடாது என்பவன் என்ன மேனேஜர் என்று ஒருவர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். சீராளனும் சிரித்துக்கொண்டே தன் போனைத் தட்டில் வைத்தான்.

சீராளன் கார் கதவுக்குக் கீல் அடிக்கும் தொழிற்சாலையில் உதவி மேனேஜர். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். கடைசி நாள் ஒவ்வொருவரும் தங்கள் வேலையிடத்தில் செய்த மாற்றம் ஒன்றை விளக்கிப் பேச வேண்டும். அதைக் கேட்க அவனுடைய ஜி.எம். வருவதாக இருந்தது. நன்றாகப் பேசினால் மேனேஜர் பதவி அவனுக்குத்தான்.

தேநீர் இடைவேளையில் அவன் மேடத்திடம் போய் நின்றான்.

"மேடம், எங்க மிஷின்ல நாள் பூரா அலாரம் அடிக்குது. எது பொய், எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இதுவரைக்கும் ஏதாவது நிஜமா இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஒவ்வொண்ணுக்கும் நிறுத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம் மேடம். நிறுத்தி நிறுத்தியே உற்பத்தி படுத்துருச்சு."

மேடம் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கடைசி நாள் கேளுங்க."

கடைசி நாளும் வந்தது. அன்றும் எல்லோர் போனும் தட்டில்தான் இருந்தது. ஜி.எம். பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். சீராளன் எழுந்துபோய்ப் பேச ஆரம்பித்தான். ஆங்கிலத்தில் பேச வேண்டும். விடுதி அறைக் கண்ணாடி முன்னால் நின்று வரிவரியாக மனப்பாடம் செய்திருந்தான். நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் அடுத்தது வராது என்று அவனுக்குத் தெரியும்.

தகட்டை அழுத்திக் கீலாக்கும் பிரஸ் மிஷினுக்கு முன்னால் ஓர் ஒளித்திரை உண்டு. ஆள் கை குறுக்கே போனால் மிஷின் நின்றுவிடும். ஆனால் எண்ணெய்ப் புகை பட்டாலும் நிற்கும், தூசி பறந்தாலும் நிற்கும். சீராளன் செய்த மாற்றம் இதுதான்: இனி ஒளித்திரை சத்தம் மட்டும் போடும், மிஷினை நிறுத்தாது. நிறுத்தியே ஆகவேண்டும் என்று ஆபரேட்டருக்குத் தோன்றினால் சீராளனுக்குப் போன் செய்து அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் நிறுத்தினால் மெமோ.

இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் வாசலோரம் தட்டு கடகடவென்று அதிர்ந்தது.

"தக்காளி வாங்கிட்டு வரச் சொல்லி வீட்ல இருந்துதான்," என்றார் முன்வரிசைக்காரர்.

அதிர்ந்தது சீராளனின் போன். போய்ப் பார்த்தான். தவசியப்பன். பிரஸ் ஆபரேட்டர். தவசியண்ணன் எதற்கெடுத்தாலும் கூப்பிடுவார், ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சீராளன் அழைப்பைத் துண்டித்தான்.

திரும்பி வந்து நின்றபோது அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை. தட்டு மறுபடியும் அதிர்ந்தது.

"பேசிட்டு வாங்க," என்றார் மேடம். "நாங்க காத்திருக்கோம்."

அவன் பின்வரிசையைப் பார்த்தான். ஜி.எம். கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முக்கியமில்ல மேடம்."

போனை அணைத்துவிட்டு வந்தான். விட்ட வரி நல்லவேளையாகக் கிடைத்தது. அதன்பின் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. மிஷின் நின்று கிடக்கும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று திரையில் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். ஜி.எம். தோளில் தட்டிவிட்டு, திங்கட்கிழமை தன்னை வந்து பார்க்கும்படி சொல்லிப் போனார்.

அறை காலியானதும் சீராளன் முகமெல்லாம் சிரிப்பாக மேடத்திடம் வந்தான்.

"கடைசி நாள் பதில் சொல்றேன்னீங்க மேடம்."

"முதல்ல போனைப் போடுங்க."

போட்டான். தவசியண்ணன் நம்பரைக் கூப்பிட்டான். எடுத்தது வேறு யாரோ. சீராளன் "எப்போ?" என்று கேட்டான். அப்புறம் "எந்தக் கை?" என்று கேட்டான். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

காலையிலிருந்து மிஷின் பெடலை மிதிக்காமலே தானாக இறங்கியிருக்கிறது. நிறுத்தட்டுமா என்று கேட்கத்தான் தவசியண்ணன் கூப்பிட்டிருக்கிறார். மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். போன் அணைந்துபோனதும், சார் மீட்டிங்கில் இருப்பார், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு அடுத்த தகட்டை உள்ளே வைத்திருக்கிறார்.

இதை மேடத்திடம் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. தட்டில் இப்போது ஒன்றும் இல்லை. மேடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கார் மேடம். ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமில்லாமத்தான் போச்சு. இது மட்டும் நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எடுத்திருந்தா," என்றார் ஆக்னஸ் மேடம், "இதுவும் ஒண்ணுமில்லாமத்தான் போயிருக்கும்."