முசுறுத் துவையல்

மலை ஏறும்போதே கோவர்த்தனத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மேலே என்ன சோறு போடுவார்களோ என்ற பயம்தான்.

தலை நரைக்கும்வரை கோயில் மடப்பள்ளியில் பொங்கல் கிளறிய மனிதர் அவர். ஞானம் வேண்டுமென்று, தன்னைவிட இளைய குருவின் பின்னால் ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். குரு ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், இலையைத் தள்ளுகிறவர் தன்னோடு வரக்கூடாது.

சொல்வது சுலபம். ஆற்றங்கரை ஊரில் நத்தைக் குழம்பு வந்தது. பல்வலி என்றார். பட்டுப்புழு வளர்க்கும் ஊரில் கூட்டுப்புழுவை வறுத்துக் கொண்டுவந்தார்கள். வயிற்றுவலி என்றார். குரு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் கோவர்த்தனத்தை அரித்தது. இன்னொரு தரம் மாட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நடுங்கினார்.

மலைமேல் ஒரு குடிசையில் மாதி என்ற பெண் அவர்களை வரவேற்று உட்காரவைத்தாள். அவள் கையெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. ஆளுக்கோர் இலை போட்டு ராகிக் களி வைத்தாள். களியின் நடுவே குழி செய்து, சிவப்பாக ஒரு துவையலை இட்டாள்.

"முசுறு. உங்களுக்குன்னு காலையிலேயே மரம் ஏறிக் கூட்டைப் பறிச்சேன்" என்றாள் சந்தோஷமாக.

மாமரத்து இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுமே, அந்தச் செவ்வெறும்பு. கோவர்த்தனம் குனிந்து பார்த்தார். துவையலில் ஒரு கால் தெரிந்தது. பல்வலியும் வயிற்றுவலியும் ஏற்கெனவே செலவாகிவிட்ட சரக்கு. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு எனக்கு விரதம், தாயி."

அப்பாடா என்று மூச்சுவிட்டார். மாதி கோபித்துக்கொள்ளவில்லை. பக்தியோடு தலையாட்டிவிட்டு, கை படாத களியை எடுத்துப் பானையிலேயே போட்டாள். குருவின் இலையிலிருந்ததையும் சேர்த்துத்தான். பானையை மூடினாள். சுவரோரம் காத்திருந்த பிள்ளைகளில் சின்னது பானையை நோக்கித் தவழ்ந்தது. அதைத் தூக்கி மடியில் போட்டுத் தட்டினாள்.

"விருந்தாளி விரதம் இருக்கறப்போ வீட்டுல யாரும் வாய் நனைக்கறதில்ல. எங்க வழக்கம் அப்படி."

கோவர்த்தனத்துக்குப் பகீரென்றது. குழந்தை சிணுங்கத் தொடங்கியது. மூத்தவள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உச்சி வெயில் இன்னும் சாயவில்லை. பொழுது சாயும்வரை இந்தச் சிணுங்கலைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அவர் குருவின் பக்கம் சாய்ந்தார்.

"சாமி, இப்ப என்ன செய்யறது?"

"விரதத்தை என்ன செய்வாங்க? முடிப்பாங்க."

கோவர்த்தனம் மாதியின் பக்கம் திரும்பினார்.

"தாயி, விரதம் முடிஞ்சுடுச்சு. பசிக்குது."

மாதி பானையைத் திறந்து, களியையும் துவையலையும் மறுபடி இலையில் வைத்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கவளத்தை வாயில் போட்டார். நறநறவென்றது. எலுமிச்சை மாதிரி புளித்தது. அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், அதன் பிறகுதான் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

மலை இறங்கும்போதும் அவர் தொண்டையில் ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தது. வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டே வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"சாமி, மடப்பள்ளியில இருந்த உடம்பு இது. எறும்பைத் தின்னுட்டேன். இதுக்கு என்ன பரிகாரம்?"

குரு நடையை நிறுத்தவில்லை.

"எறும்பு நாளைக்குள்ள செரிச்சுடும். அதுக்கு முன்னால அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்க பட்டினியைப் பரிமாறினீங்களே, அதுதான் எனக்கு இன்னும் தொண்டையிலேயே நிக்குது."

அதன் பிறகு கோவர்த்தனம் துப்பவில்லை.