செம்மண் பொட்டும் வெண்மண் பொட்டும்

ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. அங்கே மருதமரத்தின் அடியில் ஒரு கீரி வைத்தியம் பார்த்து வந்தது. மரத்தின் பக்கத்தில் ஒரு பாறைக் குழி. காட்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த மருந்து அதில் எப்போதும் நிறைந்திருக்கும்.

கிழக்குக் கரைக்குப் புலி ராஜா. மேற்குக் கரைக்குச் சிறுத்தை ராஜா. இரண்டுக்கும் சண்டை மூண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. புலிக்காகச் செந்நாய்களும் சிறுத்தைக்காக நரிகளும் சண்டை போட்டன. அடிபட்டதோ வழியில் அகப்பட்ட மானும் முயலும் அணிலும்தான். வளை இடிந்தவை, குட்டியைத் தொலைத்தவை, தீயில் வால் கருகியவை எல்லாம் கரைக்கு ஓடிவந்து நின்றன.

அவற்றைத் திட்டுக்கு ஏற்றி வந்தது துடுப்புவால் என்ற நீர்நாய். காட்டு வாழைகளைக் கொடியால் பிணைத்து அது ஒரு தெப்பம் கட்டியிருந்தது. பகலில் பத்து முறை போய் வரும். தேறியவர்களைக் கொண்டுபோய்க் கரையில் விடுவதும் அதன் வேலைதான்.

திட்டில் யார் மேலும் பல் படக்கூடாது. அது இரண்டு ராஜாக்களும் தந்த வாக்கு. இருவர் பாதத்திலும் ஒரு காலத்தில் முள் தைத்திருந்தது. எடுத்தது கீரி.

ஒருநாள் துடுப்புவால் ஒரு பிழை செய்தது. அரைக்காது என்ற மேற்குக் கரை முயலைக் கிழக்குக் கரையில் இறக்கிவிட்டது. முயல் அப்போது காய்ச்சல் மயக்கத்தில் இருந்தது. செந்நாய்கள் துரத்த, அது ஆற்றில் விழுந்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு திட்டுக்கே திரும்பி வந்தது. கால் ஒடிந்து கிடந்த ஒரு கிழக்குக் கரைப் புள்ளிமான், "இப்படி வா" என்று அதைத் தன் வயிற்றோடு அணைத்துப் படுக்க வைத்தது.

துடுப்புவாலுக்கு மனம் ஆறவில்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று யோசித்தது. மறுநாள் கிழக்கிலிருந்து வந்தவர்கள் நெற்றியில் செம்மண் பொட்டு வைத்தது. மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு வெண்மண் பொட்டு. ஒவ்வொன்றும் வட்டமாக, அழகாக இருந்தது.

"இது எதற்குத் தம்பி?" என்று கேட்டது கீரி.

"யார் எந்தக் கரை என்று தெரிய வேண்டாமா அக்கா?"

"தெரிந்தால் புண் சீக்கிரம் ஆறுமா?"

"உங்களுக்கு இல்லை. எனக்கு. பிழை வராமல் இருக்க."

கீரியின் கையில் பாதி போட்ட கட்டு இருந்தது. அதை முடிக்கத் திரும்பிவிட்டது.

நான்கு நாளில் மரத்தடி இரண்டாகப் பிரிந்துவிட்டது. செம்மண் பொட்டெல்லாம் ஒரு பக்கம், வெண்மண் பொட்டெல்லாம் மறுபக்கம்.

"அவர்களுக்குத்தான் முதலில் கட்டுப் போடுகிறார்கள்" என்றது ஓர் ஓணான்.

"நிழல் முழுக்க உங்கள் பக்கம். இதில் பேச்சு வேறா?" என்றது எதிரே இருந்த அணில்.

அரைக்காதும் மெல்ல எழுந்தது. "நானும் அந்தப் பக்கம் படுக்கிறேன் மானக்கா. நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள்."

"போய்ப் படு. குளிர்ந்தால் வா" என்றது மான்.

கரையிலிருந்து ஒரு காக்கை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. காக்கை பார்த்தால் காடே பார்த்த மாதிரி.

கோடை வந்தது. மேற்குப் பக்கம் ஆற்றில் முழங்கால் அளவே தண்ணீர். ஒரு மத்தியானம் ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு வந்தது.

"நரிகள் வருகின்றன. பத்துப் பேர். செம்மண் பொட்டு வைத்தவர்களை மட்டும் இழுத்துப் போகப் போகிறார்களாம். எதிரிக்கு ராஜாவின் வாக்குச் செல்லாதாம்!"

துடுப்புவால் மரத்தடிக்கு ஓடியது. அது மானைப் பார்த்தது. மானின் காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. நெற்றியில் செம்மண் பொட்டு. தானே வைத்த பொட்டு.

"கழுவிவிடுகிறேன்" என்று தண்ணீருக்கு ஓடியது.

"கழுவாதே" என்றது கீரி. "செம்மண்ணைக் கழுவினால், பொட்டில்லாதவரெல்லாம் கிழக்குக் கரை என்று நரிக்குத் தெரிந்துவிடும். எல்லார் மேலும் மஞ்சள் மருந்தைப் பூசு. உச்சியிலிருந்து வால் வரை."

வெண்மண் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. "எங்களுக்கு எதற்கு? நரிகள் எங்களைத் தேடி வரவில்லையே. இந்தப் பொட்டு இருக்கும் வரைதான் எங்களுக்கு உயிர்" என்றது ஓணான்.

அது சொன்னதும் பொய்யில்லை. நரிகள் தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது.

அரைக்காது எழுந்தது. "நான் நடுங்கிக்கொண்டு வந்தேனே, அன்றைக்கு மானக்கா என்னை எந்தக் கரை என்று கேட்டதா?" என்று சொல்லிவிட்டு, பாறைக் குழிக்குள் தொபீரென்று குதித்தது. மஞ்சள் உருண்டையாக வெளியே வந்தது. காதும் தெரியவில்லை, பொட்டும் தெரியவில்லை.

ஓணான் அதைப் பார்த்தது. மானையும் பார்த்தது. "சரி, எனக்கும் பூசு" என்றது.

துடுப்புவால் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பூசியது. நரிகள் திட்டில் ஏறியபோது மரத்தடி முழுவதும் ஒரே மஞ்சள்.

நரித் தளபதி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "செம்மண் பொட்டுக்காரர்கள் எங்கே?"

"இங்கே காய்ச்சல்காரரும் காயக்காரரும்தான் இருக்கிறார்கள். உனக்கு யார் வேண்டும்?" என்றது கீரி.

தளபதி துடுப்புவாலின் பக்கம் திரும்பியது. "ஏற்றி வந்தவன் நீ. உனக்குத் தெரியும். சொல்."

ஒவ்வொருவரையும் எந்தக் கரையில் ஏற்றினோம் என்பது துடுப்புவாலுக்கு நன்றாக நினைவிருந்தது. "இவருக்குக் கால் முறிவு. அவருக்குத் தீப்புண். அதோ அந்த அணிலுக்கு மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்" என்றது.

"அப்படியானால் எல்லாரையும் கொண்டுபோகிறேன்."

"கொண்டுபோ" என்றது கீரி. "பாதிப் பேர் உன் ராஜாவின் குடிகள். அவர் வாக்குக் கொடுத்த இடத்தில் அவர் குடிகளையே கடித்தேன் என்று நீயே போய்ச் சொல்."

தளபதி பல்லைக் கடித்தது. உடனிருந்த நரிகள் தரையைப் பார்த்தன. தளபதி திரும்பி நடந்தது. நடையில் ஒரு நொண்டல் இருந்தது.

"நில்" என்றது கீரி. "முன்னங்காலில் சீழ் பிடித்திருக்கிறது. எத்தனை நாளாக வலி?"

தளபதி தயங்கியது. "எட்டு நாள்" என்று முனகிவிட்டு, மானுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தது. துடுப்புவால் மருந்து கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது அந்தக் காலும் மஞ்சளாக இருந்தது.

மழை வந்தது. ராஜாக்கள் களைத்துச் சண்டையை நிறுத்தினார்கள். தேறியவர்கள் வீடு திரும்பத் தெப்பத்தில் ஏறினார்கள். துடுப்புவால் ஒவ்வொருவருக்கும் மயக்கமும் காய்ச்சலும் தெளிந்துவிட்டதா என்று பார்த்தது. பிறகு, "எந்தக் கரையில் விட?" என்று கேட்டது. அவரவரே சொன்னார்கள். ஒருவர்கூட மாறிப் போகவில்லை.

காயத்துக்கு மருந்து போடும் இடத்தில் "எங்கே வலிக்கிறது?" என்று மட்டுமே கேட்க வேண்டும், யார் எந்தப் பக்கம் என்று காட்ட அங்கே வைக்கும் அடையாளம், நல்ல மனதோடு வைத்தாலும் பகைவனுக்குத்தான் வழி காட்டும்.