கைபடாத ஓலை

செந்தாழைக்கோட்டை அரண்மனையில் அண்டப்பிரகாசர் என்று ஒரு வானசாஸ்திரி இருந்தார். அந்தப் பட்டம் அவராகவே வைத்துக்கொண்டது. கப்பல்காரன் ஒருவனிடம் தூரக்கண்ணாடி ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து மனுஷருக்குத் தரையில் கால் பாவவில்லை. நிலாவில் நாலு மேடுபள்ளம் பார்த்துவிட்டாராம், இனி அவருக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமே இல்லையாம்!

ஒருநாள் சபையில் ஆரம்பித்தார்.

"மகாராஜா, மழை எதனால்? மேகத்தால். மேகம் எதனால்? கடல் ஆவியால். கடல் பொங்குவது எதனால்? நிலாவால். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நடுவில் கடவுளுக்கு என்ன வேலை? கடற்கரைக் குன்றில் கிறிஸ்தவர்களின் அந்த வேதக்கோயில் எதற்கு? இடித்துவிட்டு என் கண்ணாடிக்கு மேடை கட்டலாம்."

ராஜா மாறவேளுக்குப் புதுச் சரக்கு எதுவானாலும் பிடிக்கும். தலையை ஆட்டிவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி ராஜா எழுத்தாணியைத் தொடமாட்டார், தொட்டால் கௌரவக் குறைச்சல். அவர் தலையசைப்பார். ராயசக்காரர் எழுதுவார், முத்திரைக்காரர் அரக்கு வைப்பார், சேவகன் கொண்டுபோவான். ஓலை கட்டட அதிகாரி சந்தியாகுவிடம் வந்து சேர்ந்தது. 'மூன்று நாளில் கோயிலை இடி.'

சந்தியாகு ஓலையை இரண்டு தரம் படித்தான். அவன் ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. அவன் மனைவியை அடக்கம் செய்ததும் அதன் முற்றத்தில்தான். இடிக்க மனசு வரவில்லை, இடிக்காவிட்டால் தலை தப்பாது.

கோயில் உபதேசியார் ஞானாதிக்கத்திடம் ஓடினான்.

"பயப்படாதே தம்பி. விசுவாசத்தைக் காப்பாத்த இருநூறு நியாயம் எழுதி வச்சிருக்கேன். முதல் நியாயம், நிலாவுல மேடுபள்ளமே கிடையாது. எல்லாம் கண்ணாடியில ஒட்டின அழுக்கு."

"நீர் அதுல பார்த்தீரா?"

"ஐயையோ, நான் எதுக்குப் பார்க்கணும்? பார்த்தா விசுவாசம் போயிடாதா!"

சந்தியாகு தலையில் அடித்துக்கொண்டான். "அவர் பார்த்ததுக்குமேல எதுவுமே இல்லைங்கிறார். நீர் பார்க்கவே பயப்படுறீர். நல்ல ஜோடி!" என்று சொல்லிவிட்டு, மீதி நூற்றுத்தொண்ணூற்றொன்பதையும் கேட்காமல் எழுந்துவிட்டான். வீட்டுக்கு வந்து அந்த ஓலையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

நாலாம் நாள் அவனைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"ஏன் இன்னும் இடிக்கவில்லை?" ராஜாவின் மீசை துடித்தது.

"இது தங்கள் கட்டளைதானா என்று அண்டப்பிரகாசர் முறைப்படியே சோதித்துப் பார்த்தேன், மகாராஜா. எழுத்து யாரால்? ராயசக்காரரால். தன் கையெழுத்துதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அரக்கு யாரால்? முத்திரைக்காரரால். என் வாசலுக்கு வந்தது எதனால்? சேவகனின் காலால். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. நடுவில் ராஜாவுக்கு என்ன வேலை? அதனால் இந்த ஓலைக்குப் பின்னால் ராஜா என்று ஒருவர் இல்லவே இல்லை என்று முடிவுகட்டி, சும்மா இருந்துவிட்டேன்."

அண்டப்பிரகாசர் துள்ளி எழுந்தார்.

"அட முட்டாளே! ராயசக்காரர் தானாகவா எழுதினார்? ராஜா தலையசைத்ததால்தானே அத்தனை பேரும் வேலை செய்தார்கள்! ஓலையில் ராஜா கைபடவில்லை என்றால், ராஜாவே இல்லை என்று ஆகிவிடுமா?"

சந்தியாகு கும்பிட்டான். "ரொம்ப சந்தோஷம் ஐயா. மழையைப் பற்றி இதைத்தான் உம்மிடம் கேட்கலாம் என்று வந்தேன். எனக்குச் சிரமம் வைக்காமல் நீரே சொல்லிவிட்டீர்."

துள்ளி எழுந்த அண்டப்பிரகாசர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியானால் கடவுள் உண்டு என்று நிரூபித்துவிட்டாயா?" என்றார் ராஜா.

"அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை மகாராஜா. இல்லை என்று இவர் நிரூபிக்கவில்லை, அவ்வளவுதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடனே தலையசைத்தார். கோயில் அப்படியே இருக்கட்டும். கண்ணாடிக்கு எருமைத் தொழுவத்துக்குப் பின்னாலிருக்கும் மேடு. உபதேசியார் தினம் ஒருதரம் வந்து அதில் பார்த்தே ஆகவேண்டும். சந்தியாகுவுக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையே எடுத்துப் போர்த்தினார்.

ஓலை எழுதி, அரக்கு வைத்து, அண்டப்பிரகாசர் கைக்கு வந்தது. மனுஷர் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரைத் தேடுகிறீர், ராஜாவையா?" என்றான் சந்தியாகு. "ஓலைக்குள்ளே இருக்கமாட்டார். போய் எருமையை ஓட்டும்!"